நம் மாவட்டத்தில் இன்று

ஏப்ரல் 11, ஞாயிறு

திலகாவின் பிரசவம் எங்கே என்ற வழக்கில் இன்று பாதி வெற்றி.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் உலக வழக்கம். அதை ஒரு பெண்ணைப் பெற்றவன் வாதாடி வாங்க வேண்டியிருக்கிறது. சம்பந்தி வைத்தியலிங்கம் கூட்டுறவு வங்கிச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஜாமீன் கேட்கிற ஆள். தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் செய்வார். இன்றும் அதே பல்லவி.

"எங்க வீட்லேர்ந்து பெரியாஸ்பத்திரி பத்து நிமிசம் சம்மந்தி. உங்க பக்கம் என்ன இருக்கு? பழைய தாலுகா ஆஸ்பத்திரிக்குப் புது போர்டு மாட்டி வச்சிருக்கீங்க. அவ்வளவுதானே?"

அவர் சொல்வது பொய்யில்லை. இரண்டு வருடம் முன்பு வரை நாங்களும் அவர்களும் ஒரே மாவட்டம். பிரித்தபோது ஆற்றை எல்லையாக வைத்தார்கள். மருத்துவக் கல்லூரி அக்கரைக்குப் போயிற்று. பரிசோதனைக்கூடமும் அக்கரைக்குப் போயிற்று. எங்களுக்குக் கலெக்டர் அலுவலகமும் போர்டும் கிடைத்தன. அந்தப் போர்டைத் திறந்து வைத்த நாளில் செய்திக்குறிப்பு எழுதியவன் நான். மக்கள் தொடர்பு அலுவலகத்தில் உதவி அலுவலர் மாசிலாமணி என்றால் இந்தப் பக்கத்து நிருபர்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பெரியாஸ்பத்திரி இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்குள்ள யார் படுத்திருக்காங்கன்னும் பாருங்க. நேத்து உங்க பக்கம் எத்தனை பேருக்குக் கொரோனா?" என்றேன்.

"இருநூத்திப் பன்னண்டு."

"எங்க பக்கம் இருபத்தி மூணு. வயித்துப் புள்ளக்காரிய எந்தப் பக்கம் வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். வங்கிச் செயலாளர் யோசிக்கிறேன் என்றால் கடன் பாதி பாஸான மாதிரி.

ஏப்ரல் 13, செவ்வாய்

செய்திக்குறிப்பில் இன்று ஒரு புதுமை செய்தேன். 'நம் மாவட்டத்தில் இன்று' என்ற தலைப்பு, அதன் கீழ் ஒரு கட்டம். இடது பக்கம் நாம், வலது பக்கம் அக்கரை. முதல் வரிசை தொற்று, இரண்டாவது வரிசை இறப்பு. பார்த்த மாத்திரத்தில் விளங்கும். சம்பந்தியுடன் மாலையில் பேசிப் பேசித்தான் இந்த யோசனை வந்தது என்பதை அலுவலகத்தில் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. நான்கு நாளிதழ்களிலும் என் கட்டம் அப்படியே வந்திருந்தது. கலெக்டர் கூப்பிட்டு, "நல்லா இருக்கே, தினமும் போடுங்க" என்றார். இந்தப் புது மாவட்டத்தை எவனும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒரு விஷயத்திலாவது அவர்களை விட நாம் மேல் என்று அச்சில் வந்தால் வலிக்கவா செய்யும்?

தையல்நாயகி வேப்பம்பூப் பச்சடி செய்திருந்தாள். வெல்லம் போடவே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குக் கசப்பு. கேட்டதற்கு, "உங்க நாக்குக்கு எல்லாம் தேனா இருக்கணும்" என்றாள். என் மனைவிக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

ஏப்ரல் 17, சனி

சுகாதாரத் துணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து தினசரி எண்களை எனக்குத் தருகிறவர் அமல்ராஜ். நல்ல மனிதர், கொஞ்சம் வளவளப்பு. இன்று போனில் எண்களைச் சொல்லிவிட்டு இழுத்தார்.

"சார், கட்டத்துல மூணாவதா ஒரு வரிசை சேத்துடுங்களேன். டெஸ்ட் எத்தனை எடுத்தோம்னு."

"எத்தனை எடுத்தோம்?"

"இன்னைக்கு நாம இருநூத்தித் தொண்ணூறு. அங்க நாலாயிரத்து முந்நூறு."

"அவங்களுக்கு ஜனம் ரெண்டு மடங்கு இருக்கே."

"ரெண்டு மடங்குதான் சார். பதினஞ்சு மடங்கு இல்லையே. நாம நூறு பேர் மூக்குல குச்சி விட்டா பதினாலு பேருக்கு வருது. அங்க ஒம்பதுதான். தேடுனாத்தானே சார் கிடைக்கும். நாம தேடவே இல்ல. எடுக்கிற சளியையும் வேன்ல ஏத்தி அவங்க லேபுக்குத்தான் அனுப்பணும். இவ்வளவுக்கு மேல அனுப்பாதேன்னு அவங்க கட்டுப்பாடு வச்சிருக்காங்க."

யோசித்துப் பார்த்தேன். நாளிதழில் எனக்குக் கிடைப்பது ஒரு பத்தி அகலம். மூன்று வரிசை போட்டால் எழுத்து சிறுத்துவிடும், வயதானவர்கள் படிக்க முடியாது. சதவீதம் வகுத்தல் என்று போனால் மக்கள் குழம்புவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அமல்ராஜ் "உங்க இஷ்டம் சார்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 18, ஞாயிறு

வென்றேன். வெள்ளிக்கிழமை ஏழாம் மாத வளைகாப்பு. அன்றே திலகாவை அழைத்து வந்துவிடலாம் என்று சம்பந்தி சம்மதித்தார். "தினம் பேப்பர்ல பாக்குறேன். உங்க கணக்குக்கு முன்னாடி நான் என்ன பேச முடியும்" என்றார். மனிதர் எண்ணுக்கு மரியாதை தருகிறவர், அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

ஏப்ரல் 23, வெள்ளி

வளைகாப்பு சம்பந்தி வீட்டுக் கூடத்தில். ஐம்பது பேர் என்று விதி, எண்பது பேர் இருந்தார்கள். முகக்கவசம் எல்லோருக்கும் தாடையில். திலகாவின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பச்சை, சிவப்புக் கண்ணாடி வளையல். கையைத் தூக்கினால் கடை திறந்த மாதிரி சத்தம்.

கிளம்பும்போது சம்பந்தி என்னைத் தனியே அழைத்தார். "உங்களை நம்பித்தான் அனுப்புறேன். ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்காம இங்க கொண்டாந்துடணும்."

"என்ன ஆயிடப்போகுது?" என்றேன்.

காரில் பாலத்தைக் கடக்கும்போது திலகா கண்ணாடியை இறக்கினாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். நடுப்பாலத்தில் எல்லைப் பலகை வந்ததும் "அப்பா, இப்ப என் பேரு உங்க கட்டத்துல வந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். என் பெண்ணுக்கு என் வேலையைக் கிண்டல் செய்வதில் ஒரு சுகம். மாப்பிள்ளை சுகுமார் வண்டி ஓட்டிக்கொண்டே, "ஆதார் எங்க அட்ரஸ்ல இருக்கு மாமா. கணக்குப்படி இவ எங்க ஊரு" என்றார்.

வந்து சேர்ந்தாள். அதுபோதும் எனக்கு.

ஏப்ரல் 25, ஞாயிறு

ஊரடங்கு. தெருவே அடங்கிக் கிடக்கிறது. காலையில் கீழத்தெருப் பக்கம் சங்கு ஊதினார்கள். மத்தியானம் குளத்துமேட்டுப் பக்கம். திலகா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள், வளையல் சத்தம் வீட்டை நிறைக்கிறது. நம் மாவட்டத்தில் இன்று இறப்பு இல்லை.

ஏப்ரல் 29, வியாழன்

பாலத்தின் நம் பக்க முனையில் ஒரு பெரிய பேனர் வைக்கக் கலெக்டர் உத்தரவு. 'தொற்று குறைந்த மாவட்டம் உங்களை வரவேற்கிறது.' வாசகம் என்னுடையது. அச்சடிக்க அன்வர்தீன் கடைக்குப் போனேன். இந்த அச்சகத்தில் இருபது வருடப் பழக்கம், போனவுடன் வேலை முடியும். இன்று உட்காரக்கூட இடமில்லை. எட்டுப் பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் செல்போன், எல்லாப் போனிலும் ஒரு புகைப்படம்.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் பாய் அடிச்சுட்டு இருக்காரு. பேனர் நாளைக்கு வாங்க சார்" என்றான் வேலைக்காரப் பையன்.

அன்வர்தீன் மிஷினுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "வயசானவங்களா?" என்று கேட்டேன். அவர் உலர வைத்திருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். மீசை கூடச் சரியாக முளைக்காத முகம். பிறந்த வருடத்தைப் பார்த்தால் திலகாவை விடச் சின்னவன்.

"மூச்சுத் திணறல்னாங்க. டெஸ்ட் எடுக்கல" என்றார் அன்வர்தீன்.

வெயில் காலத்தில் மாரடைப்பு சகஜம். கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று, சொல்லி முடித்து வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மே 2, ஞாயிறு

தொண்டை கரகரப்பு. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்தால் இப்படித்தான்.

மே 5, புதன்

காபித்தூள் கடையை மாற்ற வேண்டும். கலப்படம். இரண்டு நாளாகக் காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது. தையலிடம் சொன்னேன். "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

மே 6, வியாழன்

சளிக்கு வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். ஒரு உருண்டை முழுதாகத் தின்றேன், கசக்கவே இல்லை. கொல்லை மரம் வயதாகிவிட்டது போல.

தையல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடுங்களேன். புள்ள வீட்ல இருக்கா" என்றாள். மக்கள் தொடர்பு அதிகாரி வீட்டு வாசலில் தொற்று வீடென்று தகரம் அடித்து அடைத்தால் நாளைக்கு நிருபர்கள் என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. ஒரு கட்டிலைத் திண்ணையை ஒட்டிய அறையில் போட்டுக்கொண்டேன், அதுவே அதிகம்.

மே 7, வெள்ளி

இன்று நாம் 96, அக்கரை 911. இறப்பு நாம் 1, அக்கரை 17.

அந்த ஒன்று கூட வந்திருக்க வேண்டாம். நம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்குகிறவர்களை உடனே ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போய் இறந்தால் அங்கே பதிவு. இந்த ஆள் வண்டியில் ஏற்றுவதற்குள் போய்விட்டார்.

"பதினேழுல ஒம்பது பேர் நாம அனுப்புனவங்க சார்" என்றார் அமல்ராஜ்.

"நம்ம கணக்குல வராதுல்ல?"

"வராது சார்."

"அப்ப விடுங்க."

மாலை ஏழு மணிக்குச் சம்பந்தி. அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. எங்கள் பக்கத்து எண்ணைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, அவளை அனுப்பினேன்" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று எழுத உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் குளிரவில்லை.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. தையலுக்கு இருமல். தூசி தட்டினாளாம்.

மே 12, புதன்

அலுவலகத்தில் அவசரக் கூட்டம். நம் ஆஸ்பத்திரியில் கட்டில் நிரம்பிவிட்டது, ஆக்சிஜன் தினமும் மாலையோடு தீர்ந்துபோகிறது. கூடுதல் சிலிண்டர் கேட்டுக் கலெக்டர் சென்னையில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்கு என்னங்க அவசரம்? கேஸ் எண்ணிக்கையை வச்சுத்தான் ஒதுக்கீடு. பக்கத்து மாவட்டத்தைப் பாருங்க, அவங்களே சமாளிக்கிறாங்க. உங்க செய்திக்குறிப்பு தினம் எங்க குரூப்ல வருதே. மாநிலத்துக்கே முன்மாதிரின்னு நாங்க பாராட்டிக்கிட்டு இருக்கோம்."

போனை வைத்த பிறகு யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி வேறு எங்கோ பார்த்தார்கள். அமல்ராஜ் மட்டும் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னையிலேர்ந்து மூணாவது வரிசை போடலாமா சார்?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"இப்பப் போட்டா, இத்தனை நாள் ஏன் போடலன்னு கேப்பாங்களே" என்றார்.

அதுவும் சரிதான். போடவில்லை.

மே 14, வெள்ளி

திலகாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. வயிற்றில் பிள்ளை வளரும்போது சூடு இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, "என்னப்பா, உங்க ஊரு நல்ல ஊருன்னு சொன்னீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இருமி முடிக்க நேரமாயிற்று. வளையல் சத்தம் கூடவே குலுங்கியது.

மே 15, சனி

அமல்ராஜுக்கு நானே போன் செய்தேன். அரை மணியில் ஆள் அனுப்பினார். மூன்று பேருக்கும் எடுத்தார்கள்.

அக்கரைப் பரிசோதனைக்கூடத்தில் மாதிரிகள் குவிந்து கிடக்கின்றனவாம். முடிவு வர மூன்று நாள், நான்கு நாள். முடிவு வராமல் கொரோனா வார்டில் சேர்க்க மாட்டார்கள். கொரோனா இல்லை என்று தெரியாமல் பிரசவ வார்டிலும் சேர்க்க மாட்டார்கள். இந்த விதியை நவம்பரில் எளிய தமிழில் எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பியது நான்தான். தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

நம் மாவட்டத்தில் இன்று 121. நாங்கள் மூவரும் அதில் இல்லை.

மே 17, திங்கள்

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்றை அமல்ராஜ் கொடுத்தனுப்பினார். எனக்கு 96. தையலுக்கு 95. திலகாவுக்கு 91.

குப்புறப் படுத்தால் ஏறும் என்கிறார்கள். எட்டாவது மாதத்தில் அவள் எப்படிக் குப்புறப் படுப்பாள்?

சம்பந்தி ஏழு மணிக்குக் கூப்பிட்டார். அன்றைய மாவட்ட எண்ணைச் சொன்னேன். "திலகா எப்படி இருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன். தையல் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அண்ணே, புள்ளைக்கு மூச்சு வாங்குது. வாங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை.

மே 18, செவ்வாய்

காலையில் 86. முடிவுக்குக் காத்திருக்காமல் நம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வராந்தாவில் ஒரு நாற்காலி கிடைத்தது, ஒரு சிலிண்டரும் கிடைத்தது. அது வேறொருவருடையது. அவர் காலையில் இறந்திருந்தார்.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். தூக்கம் இல்லாத முகம். "சாயங்காலம் வரைக்கும் ஓடும் சார். அதுக்கப்புறம் என்கிட்ட இல்ல. நமக்குக் கேஸ் கம்மின்னு சிலிண்டரும் கம்மியாத்தான் வருது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஆனா நம்ம மாவட்டத்து ஆளுங்கள ரெண்டு நாளா அங்க எடுக்க மாட்டேங்கிறாங்க. அவங்க ஜனத்துக்கே இடமில்லையாம்" என்றாள்.

சம்பந்திக்குப் போன் செய்தேன். நேற்றிரவே கிளம்பியவரைப் பாலத்தில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டதாம். அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "ஆதார் எங்க அட்ரஸ்தானே? எங்க ஊர்ப் பொண்ணுன்னு சேத்துடுறேன். பாலத்துக்குக் கொண்டாங்க" என்றார். நல்லவேளை, முகவரி மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தில் போலீஸ் மறித்தது. எல்லை தாண்டி நோயாளி மட்டும், துணைக்கு ஒருவர். அக்கரை முனையிலிருந்து சம்பந்தியும் மாப்பிள்ளையும் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை ஆம்புலன்ஸில் ஏறினார். நானும் தையலும் இறங்கினோம். திலகாவின் முகத்தில் குழாய் இருந்தது, பேச முடியவில்லை. கையை மட்டும் தூக்கினாள். எனக்கா, அவள் அம்மாவுக்கா, தெரியவில்லை.

வண்டி போன பிறகு திரும்பினால் எதிரே என் பேனர். 'தொற்று குறைந்த மாவட்டம் உங்களை வரவேற்கிறது.' வெயிலில் ஒரு மூலை கழன்று தொங்கியது. போலீஸ்காரர் ஒருவர் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மே 19, புதன்

மூவருக்கும் பாசிட்டிவ். வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். நானும் தையலும் உள்ளே. திலகாவின் முடிவை அவளுடைய முகவரிக்கு, அக்கரைக்கு, அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே செய்திக்குறிப்பு அனுப்பினேன்.

மே 20, வியாழன்

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, மூச்சு நன்றாக இருக்கிறதாம். தையல் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், எழுதிக்கொள்ள வெட்கமில்லை.

ஊசி ஏற்ற வேண்டும் என்று வளையல்களைக் கழற்றிவிட்டார்களாம். சில கழன்றன, மற்றவற்றை உடைத்தார்களாம். மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மே 22, சனி

திலகாவுக்கு மெஷினில் மூச்சு.

மே 23, ஞாயிறு

அதே.

மே 24, திங்கள்

காலை பத்தரைக்கு மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா" என்றார். சம்பந்திதான் போனை வாங்கி மிச்சத்தைச் சொன்னார்.

எங்களால் போக முடியாது. தகரம். உடலைத் தரவும் மாட்டார்கள், ஆற்றின் அந்தக் கரையில் எரிக்கிறார்கள். நான்கு பேருக்கு அனுமதி. சம்பந்தி வீடியோ போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். தையல் வேண்டாம் என்றாள். மொட்டை மாடியில் நின்றால் ஆறு தெரியும். அக்கரையில் புகை எழும்பிக்கொண்டே இருந்தது, எது அவளுடையது என்று எப்படித் தெரியும்?

தையல் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, "அங்கேயே விட்டிருக்கலாம்" என்றாள்.

மாலை அமல்ராஜ் போன். "சார், நீங்க இன்னைக்கு விடுங்க. நான் யாரையாவது வச்சு எழுதிக்கறேன்."

"எண்ணைச் சொல்லுங்க" என்றேன்.

"நம்ம பக்கம் தொற்று 134. இறப்பு இல்ல. அக்கரை 1,020. இறப்பு இருபத்தாறு."

"அந்த இருபத்தாறுல ஒண்ணு நம்முடையது."

அமல்ராஜ் தயங்கினார். "சார், முகவரி அங்க. இறந்ததும் அங்க. நம்ம கணக்குல வராது சார்."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'நம்ம கணக்கு' என்பது என்னுடைய சொல்.

உட்கார்ந்து கட்டம் போட்டேன். தொற்று, இடது பக்கம் 134. இறப்பு, இடது பக்கம் 1. மூன்றாவது வரிசை, பரிசோதனை, இடது பக்கம் 410, வலது பக்கம் 6,200. எழுத்து ஒன்றும் சிறுக்கவில்லை, மூன்று வரிசையும் ஒரு பத்திக்குள் தாராளமாக அடங்கியது. அனுப்பிவிட்டேன்.

மே 25, செவ்வாய்

நான்கு நாளிதழ்களிலும் வந்தது.

ஒன்பது மணிக்குக் கலெக்டரின் நேர்முக உதவியாளர் பேசினார். முதலில் துக்கம் விசாரித்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "மாசிலாமணி, சென்னையிலேர்ந்து கேக்குறாங்க. அந்த ஒரு இறப்பு எங்க பதிவுன்னு. நம்ம பக்கம் எங்கயும் பதிவு இல்ல. அந்த மூணாவது வரிசை வேற. ஒரு மறுப்பு மட்டும் குடுத்துடுங்க. வேற யார் எழுதினாலும் உங்க நடை வராது" என்றார்.

முடியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். முப்பத்தொரு வருடச் சர்வீஸ். வாயிலிருந்து வந்தது, "சரிங்க சார்."

எழுதினேன். 'நேற்றைய செய்திக்குறிப்பில் நம் மாவட்டத்தில் ஓர் இறப்பு நிகழ்ந்ததாகத் தவறுதலாக வெளியாகியுள்ளது. இறப்பு இல்லை எனத் திருத்தி வாசிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பரிசோதனை தொடர்பான வரிசை நீக்கப்படுகிறது.' மூன்று வாக்கியம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மே 26, புதன்

குழந்தைக்குக் குழாயில் பால் இறங்குகிறதாம். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்களாம்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது, எடுத்தேன். சம்பந்தியின் குரல் ஒரே வாரத்தில் பத்து வயது கூடிவிட்டது.

"குழந்தைய நாங்க இங்கயே வச்சுக்கிறோம் சம்மந்தி. தப்பா நினைக்காதீங்க."

தகரம் எடுத்ததும் வந்து தூக்கிக்கொண்டு வரலாம், திலகாவின் தூளி பரணில் அப்படியே இருக்கிறது என்று காலையில்தான் தையலிடம் சொல்லியிருந்தேன். அவரிடம் வாதாட என் கையில் ஒரு எண்ணும் இல்லை. "சரிங்க" என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"நேத்து பேப்பர் பாத்தேன். உங்க பக்கம் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு. நம்ம திலகாவா?"

"ஆமாங்க."

"அந்தப் பேப்பரை எடுத்து வச்சிருக்கேன். குழந்தைக்குக் காட்டணும்னு." தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "இன்னைக்கு அப்படி யாரும் சாகலைன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"யாரு சம்மந்தி அதை எழுதினது?"

தையல் கூடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.